தங்கச்சியின் பழைய லெப்டொப்: டிஸ்க்கை மாற்றுவதா, ரெம் போடுவதா, வேறு வாங்குவதா?

பேராதனையில் படிக்கிற என் தங்கச்சி விடுமுறைக்கு வந்தபோது லெப்டொப்பையும் தூக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணே, பட்டனை அமுக்கிட்டு தேத்தண்ணி ஊத்திக் குடிச்சு முடிச்சாலும் இது தெறக்காது" என்றாள். அன்று இரவே போனில் நேரத்தை ஓடவிட்டுப் பார்த்தேன். திரை வர மூன்று நிமிடம் ஆனது. திரை வந்த பிறகும் குரோமைத் திறந்து ஒரு பக்கத்தைப் படிக்கிற நிலைக்கு வர இன்னும் மூன்று நிமிடம். அவளுடைய கடைசி வருட ஆய்வறிக்கை முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ரெம், 1 டிபி ஹாட் டிஸ்க். மலையகத்தில் கம்பஸ் போகிற பிள்ளைகள் பலருடைய கையில் இருப்பது இந்த வயதுப் பெட்டிதான். அக்கம்பக்கத்தில் கேட்டால் ஆளுக்கு ஒரு யோசனை. டவுன் கடையில் 'ஃபோர்மட் அடித்தால் சரி' என்றார்கள். கூட்டாளி ஒருவன் ரெம் போடச் சொன்னான். மாமா மகன், இதை விற்றுவிட்டு வேறொன்று பார்க்கச் சொன்னான். ஹாட் டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. போடலாம் என்று எனக்குத் தோன்றியது. அம்மா மலைக்குப் போய் உழைத்த காசில் ஒரு தடவைதான் செலவு செய்ய முடியும். அதனால் ஒவ்வொரு வழியையும் அளந்து பார்த்தே முடிவெடுத்தோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், நோய் எங்கே இருக்கிறது

காசைத் தொடுமுன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபோமன்ஸ்' பக்கத்தில் டிஸ்க், மெமரி (ரெம்தான் அது, திறந்திருக்கும் வேலைகளைத் தாங்குகிற நினைவகம்) இரண்டையும் ஐந்து நிமிடம் பாருங்கள். மெமரி பாதி அளவிலேயே நிற்க டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், குற்றவாளி டிஸ்க்தான். மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி, டிஸ்க்கும் 100இல் இருந்தால் விஷயம் கொஞ்சம் சிக்கல். ரெம்மில் இடம் போதாமல் விண்டோஸ் அதை டிஸ்க்கில் இறக்கி ஏற்றிக்கொண்டிருக்கிறது. அங்கே இரண்டுமே காரணம். டிஸ்க் சும்மா இருக்க, சி.பி.யூ. மட்டும் 100இல் ஓடினால், எஸ்.எஸ்.டி. வாங்கிப் போட்டாலும் பெரிய மாற்றம் தெரியாது.

தங்கச்சியின் லெப்டொப் இரண்டாவது வகை. திறந்தவுடன் மெமரி 70, குரோமில் நாலைந்து பக்கம் திறந்ததும் 90க்கு மேல். டிஸ்க் ஆரம்பத்திலிருந்தே 100.

அடுத்து கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைக்கும் குறிப்புகளை அது காட்டும். அதில் 05 என்ற வரி, பழுதாகி ஒதுக்கிவைக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. சி5 என்ற வரி, வாசிக்க முடியாமல், பழுதா இல்லையா என்று முடிவாகாமல் நிற்கிற பகுதிகள். இந்த இரண்டிலும் பூச்சியம் இருந்தால் நிம்மதி. சி5இல் எண் ஏறிக்கொண்டே போனால் வேகத்தைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு, அன்றே போட்டோக்களையும் பாடக் குறிப்புகளையும் வேறிடத்துக்கு எடுத்துவிட வேண்டும். எங்கள் டிஸ்க்கில் சி5 பூச்சியம்; 05இல் எட்டு. சாகவில்லை, ஆனால் வயது ஏறிவிட்டது.

ஹாட் டிஸ்க் ஏன் இப்படி இழுக்கிறது

இதைப் புரிந்துகொண்டால் மற்றத் தெரிவுகள் எல்லாம் தானாகத் தெளியும். லெப்டொப் ஹாட் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுழல்பவை. அதாவது வினாடிக்கு 90 சுற்று; ஒரு சுற்றுக்கு 11 மில்லி வினாடி. வேண்டிய தகவல், வாசிக்கிற ஊசிக்குக் கீழே வந்து சேர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன்பு ஊசி சரியான தடத்துக்கு நகர்ந்து போகச் சுமார் 12 மில்லி வினாடி. இரண்டையும் கூட்டினால் வினாடிக்கு 60 தடவைகூட அதனால் இடம் மாறி வாசிக்க முடியாது.

ஒரு பெரிய படத்தை அப்படியே பிரதி எடுக்கும்போது இது தெரியாது. ஒரே வரிசையில் இருப்பதை அது வினாடிக்கு 100 மெகாபைட் அளவில் அள்ளிவிடும். ஆனால் விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்கும். கூடை நிறையத் தேயிலைக் கொழுந்து எடுத்து, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஒரே தடவையாக நிறுத்துவிட்டு வருவது ஒன்று. ஒவ்வொரு பிடிக் கொழுந்துக்கும் மடுவத்துக்கு ஓடி ஓடி வருவது இன்னொன்று. இந்த இரண்டாவது வேலையைத்தான் ஹாட் டிஸ்க் நாள் முழுக்கச் செய்கிறது.

எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. எந்த மூலையில் இருந்தாலும் ஒரு மில்லி வினாடியில் சிறு பங்குக்குள் எடுத்துத் தந்துவிடும். அதன் பெரிய இலாபம் இதுதான். பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் 'வினாடிக்கு 500 மெகாபைட்' இதற்கு அடுத்தபடிதான்.

தெரிவுகள்

ஃபோர்மட் அடித்துப் புதிதாக விண்டோஸ் போடுவது செலவில்லாத வழி. சில வாரம் நன்றாக இருக்கும். அப்டேட்டுகளும் வைரஸ் தடுப்பும் பின்னால் ஓட ஆரம்பித்ததும் டிஸ்க் மறுபடி 100க்கு வந்து நிற்கும். சுழலும் வேகம் மாறவில்லையே. இதற்கென்று கடையில் காசு கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

ரெம் நல்ல யோசனைதான், ஆனால் தனியாக இல்லை. 4 ஜிபியை 8 ஆக்கினால் குரோம் பக்கங்கள் திறந்திருக்கும்போது வரும் இழுவை குறையும். பெட்டி திறக்கிற நேரம், வேர்ட் திறக்கிற நேரம் பெரிதாகக் குறையாது, ஏனென்றால் அவை முதல் தடவை டிஸ்க்கில் இருந்துதான் வந்தாக வேண்டும். மாறாக, எஸ்.எஸ்.டி. போட்ட பிறகு ரெம் போதாமல் டிஸ்க்கில் இறக்கி ஏற்றினாலும் அந்த வேலை முன்பைவிட வெகு சீக்கிரம் முடியும். அதனால் இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் டிஸ்க் முதலில், ரெம் அடுத்து. ரெம் வாங்குபவர்கள் பழையதைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போவது நல்லது. ஆறாம் தலைமுறையில் சில பெட்டிகள் டிடிஆர்3எல் என்ற வகை ரெம் கேட்கும், சில டிடிஆர்4 வகை கேட்கும். ஒன்று மற்றதின் பொந்தில் போகாது.

சாட்டா எஸ்.எஸ்.டி. என்பது பழைய ஹாட் டிஸ்க் இருந்த அதே இரண்டரை அங்குல இடத்தில் உட்காருவது. பழைய டிஸ்க் 9.5 மில்லிமீற்றர் தடிப்பாக இருந்து, புதியது 7 மில்லிமீற்றராக இருந்தால் கொஞ்சம் ஆடும், சில எஸ்.எஸ்.டி.யோடு அதற்கான பிளாஸ்டிக் சட்டமும் வரும். சாட்டா என்ற அந்த இணைப்பு வழியின் உச்சம் நடைமுறையில் வினாடிக்கு 550 மெகாபைட் அளவு.

என்.வி.எம்.இ. என்பது சுவிங்கம் போல நீளமான சிறு பலகை. எம்.2 என்ற பொந்தில் செருகுவது. அது ஓடுகிற பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்ற இணைப்பு வழியின் மூன்றாம் தலைமுறையில் வினாடிக்கு 3500 மெகாபைட், நான்காம் தலைமுறையில் 7000 வரை போகும். கேட்டவுடன் இதுதான் வேண்டும் என்று தோன்றும். இங்கேதான் பலர் காசை இழக்கிறார்கள். எம்.2 என்பது பொந்தின் வடிவம் மட்டுமே. அதற்குள் சாட்டாவும் ஓடலாம், என்.வி.எம்.இ.யும் ஓடலாம், பெட்டியைப் பொறுத்து இரண்டும் ஓடலாம். பழைய லெப்டொப்களில் சிலவற்றில் அந்தப் பொந்தே இல்லை. சிலவற்றில் இருந்தாலும் சாட்டா மட்டும்தான் ஓடும். பலகையின் முனையில் ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்.வி.எம்.இ., இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. ஆனாலும் உங்கள் மொடலின் கையேட்டைப் பார்க்காமல் வாங்காதீர்கள். நீளமும் பார்க்க வேண்டும்: 2280 என்றால் 80 மில்லிமீற்றர், 2242 என்றால் 42.

இன்னொன்று. அன்றாட வேலையில் சாட்டாவுக்கும் என்.வி.எம்.இ.க்கும் உள்ள வித்தியாசம், அந்த 550க்கும் 3500க்கும் உள்ள வித்தியாசம் மாதிரி இருக்காது. சின்னக் கோப்புகளை ஒவ்வொன்றாக வாசிக்கிற சோதனையில் ஹாட் டிஸ்க் வினாடிக்கு அரை மெகாபைட்டைச் சுற்றி நிற்கும். சாட்டா எஸ்.எஸ்.டி. பொதுவாக 20 முதல் 40 வரை. என்.வி.எம்.இ. 40 முதல் 70 அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே. முதல் பாய்ச்சல் ஐம்பது மடங்கு, இரண்டாவது பாய்ச்சல் இரண்டு மடங்கு. ஆய்வறிக்கை எழுதுகிற பிள்ளைக்கு முதல் பாய்ச்சல் போதும். வீடியோ எடிட் பண்ணுகிறவர்களின் கணக்கு வேறு.

வேறு லெப்டொப் வாங்குவது பற்றி நேர்மையாக யோசித்தேன், ஏனென்றால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடித்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஓடும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். ஆறாம் தலைமுறைப் பெட்டிக்கு அந்தக் கதவு மூடியாயிற்று. எட்டாம் தலைமுறைக்கு மேற்பட்ட, அலுவலகங்களில் பாவித்துக் கழித்த பெட்டிகள் கொழும்பில் கிடைக்கும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் போய் வந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் விலை, ஒரு 240 ஜிபி எஸ்.எஸ்.டி.யின் விலையைப் போலப் பல மடங்கு. கீபோர்ட், திரை, பெட்டரி எல்லாம் நன்றாக இருக்கிற பெட்டியைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. திரைக் கீல் உடைந்து, பெட்டரி செத்து, கீபோர்டிலும் நாலு எழுத்து வேலை செய்யாவிட்டால் நானே வேறு வாங்கச் சொல்லியிருப்பேன். அப்போதும் வாங்குகிற கடையிலேயே கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவை ஓட்டி, டிஸ்க் எத்தனை மணித்தியாலம் ஓடியிருக்கிறது, ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று பார்த்துத்தான் காசை எண்ண வேண்டும்.

விண்டோஸ் ஆதரவு விஷயத்துக்கு எங்கள் விடை, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை விண்டோஸுக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்வது. இணைய வேலையெல்லாம் அதில், பல்கலைக்கழக மென்பொருள் மட்டும் விண்டோஸில். இரண்டையும் வைக்க 240 ஜிபி கொஞ்சம் இறுக்கம், 480 தாராளம்.

டிவிடி டிரைவ் இருக்கிற பெட்டி என்றால் இன்னும் ஒரு வசதி. அதைக் கழற்றி, 'கெடி' என்று கேட்டால் கடையில் தருகிற சட்டத்தில் பழைய ஹாட் டிஸ்க்கை வைத்து அங்கே செருகலாம். 9.5, 12.7 என்று இரண்டு தடிப்பில் வருகிறது, அளந்து வாங்குங்கள். எஸ்.எஸ்.டி.யைப் பிரதான இடத்திலும் பழையதை டிவிடி இடத்திலும் வைக்க வேண்டும், மாற்றி வைக்கக்கூடாது. சில பெட்டிகளில் டிவிடி இணைப்பு பாதி வேகத்தில்தான் ஓடும்.

மலைநாட்டுக்கு என்று சில கேள்விகள்

உயரமான இடத்தில் ஹாட் டிஸ்க் கெடுமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கேள்வியில் விஷயம் இருக்கிறது. ஹாட் டிஸ்க்கின் ஊசி, சுழலும் தட்டைத் தொடாமல், காற்று மெத்தையில் மிதந்தபடிதான் வாசிக்கிறது. காற்று மெலிந்தால் மெத்தையும் மெலியும். ஆனால் சாதாரண டிஸ்க்குகளை ஏறத்தாழ 3000 மீற்றர் வரை பாவிக்கலாம் என்றே தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். நுவரெலியா 1868 மீற்றர், பிதுருதலாகலை உச்சியே 2524 மீற்றர். ஆகவே உயரத்தால் பயமில்லை.

பயப்பட வேண்டியது பாதையின் குலுக்கலுக்கு. ஓடுகிற ஹாட் டிஸ்க் அடி தாங்காது. லெப்டொப்பை 'ஸ்லீப்'பில் போட்டுப் பைக்குள் வைத்து, கண்டி பஸ்ஸில் வளைவுக்கு வளைவு ஆடிக்கொண்டு வருகிற பிள்ளைகளுக்கு எஸ்.எஸ்.டி. இந்த ஒரு காரணத்துக்காகவே நல்லது. ஸ்லீப்பில் இருக்கிற பெட்டி பைக்குள் விழித்துக்கொண்டால் தட்டும் சுழல ஆரம்பித்துவிடும்.

குளிரும் ஈரமும் அடுத்தது. பனி இரவில் வெளியே இருந்த பெட்டியை அடுப்படிச் சூட்டுக்குக் கொண்டுவந்தவுடன் திறக்காதீர்கள். உள்ளே நீர் படியும். அரை மணி நேரம் பையோடு விட்டுவிடுங்கள்.

கரண்ட்தான் பெரிய தலையிடி. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். இப்போது அப்படி இல்லை. ஆனாலும் ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி இறங்கினால் தோட்டத்து லயத்து வீடுகள் பக்கம் கரண்ட் போய்ப் போய் வரும். பெட்டரி செத்த லெப்டொப்பை சார்ஜரில் மட்டுமே வைத்து ஓட்டுகிறவர்களுக்கு, எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஹாட் டிஸ்க், எஸ்.எஸ்.டி. இரண்டுமே பாதிக்கப்படும். அப்படிப்பட்ட பெட்டிக்கு டிஸ்க்கோடு பெட்டரிக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். இடி முழங்கும்போது சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.

எந்த எஸ்.எஸ்.டி.

கிங்ஸ்டன் ஏ400, குருஷியல் பிஎக்ஸ்500 போன்றவை மலிவு வரிசை. இரண்டிலும் 240 ஜிபி அளவுக்கு 80 டெராபைட் எழுதும் ஆயுள் குறிப்பிட்டிருக்கிறார்கள். அதை ஐந்து வருடத்துக்குப் பிரித்தால் நாளுக்கு ஏறத்தாழ 44 ஜிபி. மாணவர் ஒருவர் அதில் கால்வாசியைக்கூடத் தொடமாட்டார். சாம்சங் 870 ஈவோ விலை கூட; 250 ஜிபிக்கு 150 டெராபைட்டும் ஐந்து வருட உத்தரவாதமும் உண்டு. காசு இருந்தால் அதற்குப் போகலாம், இல்லாவிட்டால் மலிவு வரிசையே போதும்.

பெயரே இல்லாத, நம்ப முடியாத விலையில் 1 டிபி என்று வருகிறவற்றைத் தொடாதீர்கள். எங்கள் லயத்தில் ஒரு தம்பி இணையத்தில் பார்த்து அப்படி ஒன்று வாங்கினான். விண்டோஸ் 1 டிபி என்றுதான் காட்டியது. நிறைய நிறையப் போட்டோக்களைப் போட்டான். பிறகு திறந்தால் பழைய படங்கள் எல்லாம் சாம்பல் பட்டை. உள்ளே இருந்த கொள்ளளவு மிகச் சிறியது. அதை நிரப்பிய பிறகு பழையதன் மேலேயே எழுதியிருக்கிறது. அவனுடைய ஆயாவின் கடைசிப் படங்கள் போயே போய்விட்டன. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள், டிஸ்க் முழுவதையும் எழுதித் திரும்ப வாசித்து இந்த மோசடியைக் காட்டிவிடும். வாங்கிய அன்றே, அதில் எதையும் வைப்பதற்கு முன், ஒரு தடவை ஓட்டிவிடுங்கள்.

மாற்றியதும் அளந்ததும்

கடைசியில் சாட்டா எஸ்.எஸ்.டி.தான் போட்டோம். மாற்றுவது அரை மணி நேர வேலை. சார்ஜரைக் கழற்றி, பெட்டரியையும் கழற்றிவிட்டு, ஒரு உலோகப் பொருளைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும். எந்த ஸ்குரூ எந்தப் பொந்து என்று போனில் படம் எடுத்துக்கொண்டேன். பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் பண்ண குளோன்சில்லா என்ற இலவச வழி உண்டு. நான் புதிதாகவே விண்டோஸ் போட்டேன், எட்டு வருடக் குப்பையைப் புது டிஸ்க்குக்குக் கொண்டுபோக விருப்பமில்லை. விண்டோஸ் அனுமதி மதர்போர்டோடு சேர்ந்தது என்பதால் இணையத்தில் இணைந்ததும் அதுவே சரியாகிவிட்டது. ஒன்றை மட்டும் முன்னமே எடுத்து வையுங்கள்: பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. பள்ளிக்கூடக் காகிதங்கள் இன்னும் அதில்தான் தட்டச்சாகின்றன. எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்துக் கூளமாகத் தெரியும்.

வேகத்தை அளக்கிற சோதனைக்கு கிரிஸ்டல் டிஸ்க் மார்க் என்ற மென்பொருள். பழைய டிஸ்க்கிலேயே முதலில் ஓட்டி, படம் எடுத்து வைத்துக்கொண்டால்தான் பிறகு ஒப்பிட முடியும். மற்ற எல்லாவற்றையும் மூடி, சார்ஜரைச் செருகி, 1 ஜிபி அளவு, ஐந்து சுற்று என்று விட்டேன். மேல் வரி தொடர்ச்சியாக வாசிக்கிற வேகம். கண்ணுக்கு அழகான எண் அதுதான். நீங்கள் பார்க்க வேண்டியது கடைசி வரி, '4கே, கியூ1டி1' என்று இருப்பது; சின்னக் கோப்புகளை ஒவ்வொன்றாக வாசிக்கிற சோதனை அதுதான். பழைய டிஸ்க்கில் அது வினாடிக்கு 0.4 மெகாபைட். புதியதில் 29. தொடர் வாசிப்பு 98இல் இருந்து 520க்கு ஏறியது.

தொடர் வேகம் 270ஐத் தாண்டாவிட்டால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் 'சாட்டா/600' என்று இருக்கிறதா, 'சாட்டா/300' என்று இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மதர்போர்டில் 300தான் கிடைக்கும். கவலைப்படத் தேவையில்லை, 4கே வரி நன்றாக இருந்தால் போதும். பயோஸில், அதாவது விண்டோஸ் திறக்குமுன் வருகிற அமைப்புப் பக்கத்தில், டிஸ்க் ஓடும் முறை 'ஏ.எச்.சி.ஐ.' என்று இருக்க வேண்டும், 'ஐ.டி.ஈ.' என்று இருந்தால் வேகம் குறையும். விண்டோஸ் போடுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிடுங்கள். பிறகு மாற்றினால் விண்டோஸ் திறக்காமல் போகலாம்.

அப்புறம் ஒரு 25 ஜிபி கோப்புறையைப் பிரதி எடுத்துப் பார்த்தேன். மலிவு எஸ்.எஸ்.டி.களில் ஆரம்பத்தில் வேகமாக எழுதுகிற ஒரு சிறு பகுதி உண்டு. அது நிரம்பியதும் வேகம் சரியும். சிலவற்றில் ஹாட் டிஸ்க்கின் அளவுக்கே இறங்கிவிடும். எங்களுடையதும் பாதி வழியில் சரிந்தது. தினம் இத்தனை பெரிய கோப்பை எழுதுகிறவர் தங்கச்சி இல்லை என்பதால் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இந்தச் சோதனைகள் எல்லாம் டிஸ்க்கில் எழுதித்தான் அளக்கின்றன. ஒரு தடவை, இரண்டு தடவை சரி; தினமும் ஓட்டுவது வீண்.

திறக்கிற நேரத்தை அளக்கும்போது 'ஷட் டவுன்' பண்ணித் திறக்காமல் 'ரீஸ்டார்ட்' கொடுத்து அளந்தேன். ஷட் டவுனில் விண்டோஸ் பாதி நினைவை டிஸ்க்கில் சேமித்து வைத்துக் குறுக்கு வழியில் திறக்கிறது, ஒப்பீடு பிழைத்துவிடும். ரீஸ்டார்ட் முதல் குரோமில் ஒரு பக்கம் வாசிக்கிற வரைக்கும், ஆறு நிமிடமாக இருந்தது 40 வினாடியானது.

எஸ்.எஸ்.டி.யில் ஒரு குறையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஹாட் டிஸ்க் சாகுமுன் பல தடவை சத்தம் போட்டு, இழுத்து, ஏதாவது சாடை காட்டும். எஸ்.எஸ்.டி. ஒரு காலையில் திடீரென்று காணாமல் போகலாம். அழித்த கோப்பை மீட்பதும் அதில் ஏறக்குறைய நடக்காத காரியம். கரண்ட் இல்லாமல் வருடக்கணக்கில் அலுமாரியில் வைத்துப் படங்களைப் பாதுகாக்கவும் அது ஏற்றதல்ல.

அதனால் பழைய ஹாட் டிஸ்க்கை எறியவில்லை. யூ.எஸ்.பி. உறை ஒன்றில் போட்டு, ஆய்வறிக்கையின் ஒரு பிரதியையும் தாத்தா, ஆயா படங்களையும் அதில் ஏற்றி, துணியில் சுற்றி அம்மாவின் இரும்புப் பெட்டிக்குள் வைத்தோம். 05இல் எட்டு என்று காட்டியதை நம்பி அது ஒன்றை மட்டும் விட முடியாது. இன்னொரு பிரதி கூகுள் டிரைவிலும் இருக்கிறது. தங்கச்சி ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் பேராதனைக்குத் திரும்பிவிட்டாள். 4 ஜிபி ரெம் அடுத்த மாதச் சம்பளத்தில். டிடிஆர்3எல் என்று பழைய ரெம்மின் படத்தோடு போனில் குறித்து வைத்திருக்கிறேன்.